மாத்திரை வந்தது, விளக்கம் வரவில்லை

கோரிக்கை மனு

அனுப்புநர்:
உயர் இரத்த அழுத்த நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும் இணைந்த நலச் சங்கத்தின் செயற்குழு

பெறுநர்:
1. செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை
2. இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறை, சென்னை
3. மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை

பொருள்: உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்கு நோயையும் மருந்தையும் பற்றித் தமிழில் தெளிவாக விளக்கவும், மருந்து இடையில் நின்றுபோகாமல் தொடரவும் உரிய ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு பிரஷர் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று திரும்பியவர்கள் ஏராளம். இன்று மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர் தோளில் பையுடன் தெருவுக்கே வருகிறார். திண்ணையில் உட்காரவைத்து அழுத்தம் பார்க்கிறார். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். 2024-இல் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் 2 கோடியாவது பயனாளிக்கு மருந்து வழங்கப்பட்டது. இத்திட்டத்தால் பயன்பெற்றவர்கள் இச்சங்கத்தில் பலர் உண்டு. அந்த நன்றியோடுதான் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

வாசல்வரை வந்த மாத்திரை வாய்வரை போகிறதா என்பதே சங்கத்தின் கவலை.

2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைப் பற்றி நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, உயர் இரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே. 2023-24-இல் நடந்த இரண்டாம் சுற்றில் இது 17 விழுக்காடாக உயர்ந்தது. சில ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் உயர்ந்ததைச் சங்கம் மனதாரப் பாராட்டுகிறது. ஆனாலும் நூறு நோயாளிகளில் எண்பத்து மூன்று பேருக்கு அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள் அதில் ஒரு பகுதி. தெரிந்தும் மருந்தைத் தொடங்காதவர்கள் இன்னொரு பகுதி. மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு நினைத்தபோது போடுகிறவர்கள் மூன்றாம் பகுதி. இம்மனு முக்கியமாக அந்த மூன்றாம் பகுதியினருக்காக எழுதப்படுகிறது.

ஊர்ப் பேச்சில் இந்த நோய்க்கு ‘இரத்தக் கொதிப்பு’ என்று பெயர். அந்தப் பெயரே பலரைத் தடம் மாற்றிவிடுகிறது. கொதிப்பு என்றதும் கோபம், படபடப்பு, உடல் சூடு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. “நான் யாரையும் ஒரு சொல் கடிஞ்சு பேசினதில்ல, எனக்கு எப்படிப்பா பிரஷர் வரும்?” என்று கேட்கும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தலை சுற்றினால் ஒரு மாத்திரை, மருமகளோடு வாக்குவாதம் வந்தால் ஒரு மாத்திரை, மனசு லேசாக இருந்தால் மாத்திரையே வேண்டாம் என்று தலைவலி மருந்தைப் போல அதை நடத்துகிறார்கள். உயர் அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. மேல் அளவு 170 இருப்பவரும் கதிர் அறுப்பார், லாரி ஓட்டுவார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவார். உள்ளே இரத்தக் குழாய், இதயம், சிறுநீரகம், விழித்திரை எல்லாம் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும். சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்து சேர்கிறது.

அடுத்த இடறல் ‘நார்மல்’ என்ற சொல். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டவரிடம், அழுத்தம் பார்த்தவர் “நார்மலா இருக்கு” என்று சொல்கிறார். கேட்டவர் நோய் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். மாத்திரை போடுவதால்தான் அளவு சரியாக இருக்கிறது, நிறுத்தினால் சில நாள்களிலோ வாரங்களிலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும் என்ற ஒரு வாக்கியத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அட்டெனோலால் போன்ற சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது இதயநோய் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியையே கிளப்பிவிடலாம் என்பதையும் சொல்லவில்லை.

சங்கக் கூட்டங்களில் மிக அதிகமாக எழும் பயம் சிறுநீரகத்தைப் பற்றியது. “வருஷக்கணக்கா மாத்திரை போட்டா கிட்னி போயிடுமாமே” என்று கேட்பார்கள். கட்டுப்படாத அழுத்தம்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பெருங்காரணங்களில் ஒன்று. இப்படிப் பயந்து பிரஷர் மாத்திரையை விடுகிற அதே ஆள், மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் விழுங்குகிறார். அந்த வலி மாத்திரை அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பழி மட்டும் பிரஷர் மாத்திரை மேல் விழுகிறது.

பக்கவிளைவும் இப்படித்தான். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து எழுதித் தருவார். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாததால் நோயாளி தானே மருந்தை நிறுத்திவிட்டு, திட்டுவார்களோ என்ற அச்சத்தில் அதை மறைக்கிறார். அழுத்தம் குறையவில்லையே என்று மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்க்கிறார். வீட்டில் பிரிக்காத அட்டைகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

மாத்திரையின் தோற்றம் மாறுவதும் ஒரு காரணம். கொள்முதல் மாறும்போது அதே மருந்து வேறு நிறுவனத்திலிருந்து வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் வருகிறது. நிறத்தைப் பார்த்தே மாத்திரையை அடையாளம் காணும் முதியவர்களுக்கு அது வேறு மருந்து. பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு, இரண்டையும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மாரடைப்புக்குப் பின் மருந்து எடுத்த அமெரிக்க நோயாளிகளைப் பற்றி 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, மாத்திரையின் நிறம் மாறியபோது மருந்து நின்றுபோகும் வாய்ப்பு 34 விழுக்காடும், வடிவம் மாறியபோது 66 விழுக்காடும் கூடியதாகக் காட்டியது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை என்றால், ஆங்கிலத்தில் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்திருக்கும் கிராமத்துப் பெரியவரின் நிலையை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றை நோயாளியின் அலட்சியம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. நெடுநாள் நோய்களுக்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலும் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எழுதியது. இதைச் சரிசெய்தால் கிடைக்கும் பலனும் பெரிது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, மேல் அளவு 10 புள்ளி குறைந்தால் பக்கவாதம் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைகிறது. படுக்கையில் விழுந்த ஒருவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த குடும்பங்கள் இச்சங்கத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு இந்த 27 வெறும் எண் அல்ல.

ஆகவே, பின்வரும் கோரிக்கைகளை நிறைவேற்றித் தருமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.

1. விளக்குவதையும் சிகிச்சையாகக் கணக்கிட வேண்டும். புதிதாக மருந்து தொடங்கும் ஒவ்வொருவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செவிலியர் ஒருவர் ஐந்து செய்திகளைச் சொல்ல வேண்டும்: அறிகுறி இல்லாவிட்டாலும் நோய் உண்டு, அளவு சரியானாலும் மருந்து தொடர வேண்டும், ஒரு வேளை விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது, தொந்தரவு வந்தால் நிறுத்தாமல் வந்து சொல்ல வேண்டும், விரத நாளில் என்ன செய்வது. நோயாளி அவற்றைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

2. மாத்திரை தரும் உறையில் தமிழ் வேண்டும். மருந்தின் பெயர், எதற்கான மருந்து, எந்த வேளை என்பவை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் அச்சிட வேண்டும். மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறிய மாதத்தில், ‘மருந்து அதேதான், தோற்றம் மட்டும் மாறியிருக்கிறது’ என்று ஒரு சீட்டு ஒட்டித் தருமாறு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

3. தன்னார்வலர்களுக்குப் பேசும் பயிற்சி வேண்டும். “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்று கேட்டால் எல்லோரும் “ஆமா” என்றே சொல்வார்கள். “போன ஒரு வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டால் உண்மை வரும். மீதமுள்ள அட்டைகளை எண்ணிப் பார்ப்பதும், அதற்காக யாரையும் கடியாமல் இருப்பதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். இப்படி உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்படி ஒருவருக்கு ஒதுக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் அமைய வேண்டும்.

4. அளக்கும் முறை சரியாக இருக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவரை உட்கார்ந்த உடனே அளப்பதும், பேசிக்கொண்டிருக்கும்போது அளப்பதும், தடித்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றுவதும் அளவைக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிட ஓய்வு, முதுகுக்குச் சாய்மானம், இதய மட்டத்தில் கை என்ற விதிகளைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். பெரிய பட்டை எல்லா நிலையங்களிலும் இருக்க வேண்டும். கருவிகளை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். வந்த எண்ணை நோயாளியிடம் சொல்லி, அவருடைய குறிப்பேட்டிலும் எழுத வேண்டும்.

5. ஊர் மாறினாலும் மருந்து நிற்கக் கூடாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் குடும்பத்தோடு பெயர்கிறவர்கள், குறிப்பேட்டைக் காட்டினால் மாநிலத்தின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மறுகேள்வியின்றி மருந்து பெற வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு நாளாவது மாலை நேரத்தில் தொற்றா நோய்ப் பிரிவு இயங்க வேண்டும்.

6. எச்சரிக்கை பரவலாகச் சேர வேண்டும். பிரஷர் உள்ளவர்கள் வலி மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது என்ற அறிவிப்பை எல்லா மருந்துக் கடைகளிலும் முதல்வர் மருந்தகங்களிலும் தமிழில் வைக்க வேண்டும். எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு அதைத் தனியே சொல்லியாக வேண்டும்.

7. கணக்கு மாற வேண்டும். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பதோடு, எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது என்பதையும் வட்டார வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மே 1 கிராம சபைக் கூட்டத்தில் அந்த எண்ணை வாசித்து, அங்கேயே அழுத்தம் பார்க்கும் முகாமும் நடத்தினால், மே 17 உலக உயர் இரத்த அழுத்த நாளுக்கு முன்பே ஒவ்வோர் ஊருக்கும் தன் நிலை தெரிந்துவிடும்.

இவற்றில் பலவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய மருந்தோ தேவையில்லை. எளிய ஒரே சிகிச்சை முறை, தடையில்லாத மருந்து, கூட்டாகப் பணிபுரியும் ஊழியர்கள், ஒழுங்கான பதிவு ஆகியவற்றைக் கொண்டு 2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி, 2022-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது இதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் சான்று.

முதற்கட்டமாக ஏதேனும் ஒரு வட்டாரத்தில் ஆறு மாதங்களுக்கு 1, 2, 3 ஆகிய கோரிக்கைகளைச் செயல்படுத்திப் பார்க்குமாறும், அதற்கு முன் சங்கத்தின் பிரதிநிதிகளை ஒரு நாள் நேரில் அழைத்துப் பேசுமாறும் சங்கம் பணிவுடன் வேண்டுகிறது. உறைகளுக்கான தமிழ் வாசகத்தை எழுதித் தரவும், தன்னார்வலர் பயிற்சிக்கு வந்து தங்கள் அனுபவத்தைப் பகிரவும் உறுப்பினர்கள் ஊதியம் எதுவுமின்றி முன்வந்துள்ளனர்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: மாத்திரை உறையின் மாதிரி – 1; நோயாளியிடம் சொல்ல வேண்டிய ஐந்து செய்திகளின் அட்டை – 1; உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல்.