வருமானம் வேறு, சொத்து வேறு

பி.காம் படிக்கிறேன் என்றால் உடனே "பேங்க் வேலைக்கா?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் ஒரு விஷயம் மட்டும் மண்டையில் நன்றாக ஏறிவிட்டது. இலாப நட்டக் கணக்கு வேறு, இருப்புநிலைக் குறிப்பு வேறு. முதலாவது இந்த வருடம் எவ்வளவு வந்தது, போனது என்று சொல்லும். இரண்டாவது இதுவரை என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். நம் அரசாங்கத் திட்டங்கள் பெரும்பாலும் முதல் கணக்கைத்தான் பார்க்கின்றன என்பது என் கட்சி.

எங்கள் பாலக்கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். தள்ளுவண்டிக்காரர்களுக்கு 'காலையில் 900 வாங்கி மாலையில் 1000 கொடு' என்ற கணக்கு புதிதல்ல. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 2020-இல் பிரதமரின் ஸ்வநிதி திட்டம் வந்தது. சாலையோர வியாபாரி யார் என்று அடையாளம் காண்பது பேரூராட்சி, நகராட்சிகளின் வேலை. கடன் தருவது வங்கி. அடமானம் கிடையாது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது, 2025-இல் 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கியதும் நம் தர்மபுரியில்தான். என் முதல் வருட ஃபீஸே அம்மா குழுவில் எடுத்த கடன்!

ஆனால் இதெல்லாம் சுழலும் பணம். தங்குவது எது? வீட்டுமனை, நிலம், கடை, நகை. அது யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் சாதி வந்து நிற்கும். சேர்த்தாலும் நிற்க விடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. பெங்களூரு போய் உழைத்துக் கட்டிய வீடுகளும் அதில் உண்டு. பீரோ, நகை, பைக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயிற்று. ஒரே மாலையில் பல குடும்பங்களின் இருப்புநிலைக் குறிப்பு பூஜ்யம். அவர்களிடம் போய் 15,000 ரூபாய் கடனைக் காட்டி முன்னேறு என்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் எவன்ஸ்டன் என்று சிகாகோவை ஒட்டிய ஒரு சின்ன நகரம். கறுப்பின மக்களுக்கு வீட்டு விஷயத்தில் செய்த பாகுபாட்டை அந்த நகர சபையே ஒப்புக்கொண்டு, கஞ்சா விற்பனை வரியிலிருந்து ஒரு கோடி டாலர் ஒதுக்க 2019-இல் தீர்மானித்தது. (ஆமாம், அங்கே அது சட்டப்படி விற்பனை!) 2021-இல், தகுதியுள்ளவர்களுக்கு வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ 25,000 டாலர் என்று முடிவு செய்தார்கள். போதாது என்று சண்டை, பாரபட்சம் என்று வழக்கு, எல்லாம் உண்டு. ஆனாலும் அவர்கள் கை வைத்தது சொத்தில்.

நம்மிடம் அப்படி எதுவும் இல்லை என்றும் சொல்ல முடியாது. தாட்கோவின் நன்னிலம் திட்டத்தில் பட்டியல் சாதிப் பெண்கள் நிலம் வாங்க மானியம் கிடைக்கிறது. ஆனால் அது விவசாய நிலத்துக்கு. ஊருக்குள் தள்ளுவண்டி வைத்திருக்கும் அக்காவுக்கு வேண்டியது ஒரு கடை. உள்ளாட்சிக் கடைகளோ ஏலத்தில் போகின்றன, டெபாசிட்டும் கட்ட வேண்டும்.

"ஏலம் எல்லாருக்கும் பொதுதானே மச்சி?" என்றான் நண்பன். பொதுதான். அடகு வைக்க வீட்டில் நகை இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே டெபாசிட். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றேன். ஸ்வநிதியில் மூன்று கடனையும் தவறாமல் கட்டி முடித்தவருக்கு அந்த டெபாசிட்டைத் தவணையில் வாங்கிக்கொண்டால் பேரூராட்சிக்கு என்ன நட்டம்? மூன்று முறை கட்டியவர் நான்காம் முறை ஓடிவிடுவாரா?