பேரம் பேசுவது பாவமில்லை

‘ஏசி கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறாய்; கீரைக்காரம்மாவிடம் மட்டும் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா?’ வாட்ஸ்அப்பில் இந்த உபதேசம் ஓய்வதே இல்லை. கூடவே ஒரு பாட்டியின் படமும் வரும். படித்ததும் மனசு இளகும். நிதானமாக இன்னொரு தரம் படித்தால் வரிக்கு வரி இடறும்.

ஏசி கடையில் நாம் பேரம் பேசுவதில்லை என்பதே முதல் பொய். நகைக்கடையில் சேதாரத்தைக் குறைக்கச் சொல்லாத குடும்பம் உண்டா? ‘மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்’ என்று விற்பனையாளர் எழுந்து போவதும், போன வேகத்தில் சிரித்த முகமாகத் திரும்புவதும் வேறென்ன? கார் ஷோரூமில் சீட் கவரும் மேட்டும் சும்மா கேட்கிறோம். பொட்டலத்தில் அச்சடித்த எம்.ஆர்.பி. கூட உச்சவரம்புதான், அதற்கு மேல் விற்றால் குற்றம், கீழே விற்கத் தடையில்லை. சூப்பர் மார்க்கெட் அதிலே தள்ளுபடி தர முடிவதற்குக் காரணம், மொத்தக் கொள்முதலின்போதே கம்பெனியிடம் அது பேரத்தை முடித்துவிட்டதுதான். தெருவில் நாமே வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

அடுத்து, ஒரே விலைதான் நாகரிகம், பேரம் பட்டிக்காட்டுத்தனம் என்கிறார்கள். 1673இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், மிட்சுயி தகாதோஷி தொடங்கிய எச்சிகோயா துணிக்கடை ரொக்கத்துக்கு ஒரே விலை என்று விற்றது. அதுவரை பெரிய வீடுகளுக்குத் துணியைக் கொண்டுபோய்க் கடனுக்குக் கொடுத்து, வசூலாகும்வரை காத்திருக்கும் செலவையும் விலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செலவு போனதும் மலிவாக விற்க முடிந்தது. சுத்தமான வியாபாரக் கணக்கு. (மனசாட்சிக்காகவே ஒரே விலை சொன்ன இங்கிலாந்தின் குவேக்கர் வணிகர்களும் அந்த நூற்றாண்டில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு.) நம் ஊரிலும் 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையில் யாரும் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. அன்றைய மொத்த விலையை ஒட்டி முடிவான விலை அங்கே பலகையில் எழுதியிருக்கிறது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் தெரிந்த கணக்கு. தெருமுனைக் கூடைக்கு அப்படிப் பலகை கிடையாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘ஏழை வயிற்றில் அடிக்கிறாய்’ என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. கீரைக்காரம்மாவை இதைவிடக் குறைத்து மதிப்பிட முடியாது. முதலில் சொல்லும் விலையில் இறங்குவதற்கு இடம் வைத்துத்தான் அவர் சொல்கிறார். காரிலிருந்து இறங்குபவருக்கு ஒரு விலை, பக்கத்துத் தெருக்காரருக்கு ஒரு விலை. அசலுக்குக் கீழே கேட்டால் ‘கட்டுப்படியாகாதும்மா’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் வயிற்றில் அடிப்பவர்கள் வேறு. காலையில் கையில் 900 ரூபாய் கொடுத்து, மாலையில் 1,000 ரூபாயாக வாங்கிப்போகும் வட்டிக்காரர் அன்றாடம் எடுப்பது நூறு ரூபாய். நம் ஐந்து ரூபாயை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014இல் மத்திய சட்டம் வந்தது. 2020இல் அடமானமில்லாமல் 10,000 ரூபாய் வரை கடன் தரும் திட்டமும் வந்தது. இவற்றில் எது அந்தக் கூடைவரை வந்து சேர்ந்தது என்று கேட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தியும் எனக்கு வந்ததில்லை.

பேரம் பேசுவது விற்பவரை அவமானப்படுத்துவது என்கிறார்களே, இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. பேரத்துக்கு எழுதாத சட்டங்கள் உண்டு. போணி நேரத்தில் வம்பு வளர்க்கக் கூடாது. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையைக் குறைக்கச் சொல்லக் கூடாது. நீங்கள் கேட்ட விலைக்கு அவர் ஒத்துக்கொண்டுவிட்டால் வாங்கியே ஆக வேண்டும். ‘அப்புறம் வரேன்’ என்று நழுவுவதுதான் அவமானம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுகிறார்கள். யார் எவ்வளவு இறங்கினார் என்பது சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. பேச்சு முறிந்தாலும் அடுத்த ஆளிடம் முதலிலிருந்து தொடங்கலாம். இருவர் மானத்தையும் காப்பாற்றும் ஏற்பாடு அது. தெருவிலும் பேரம் படிந்ததும் கேட்காமலே ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறாக வந்து விழுகிறது. அவர் மனம் நொந்து போட்டதாக எனக்குத் தோன்றியதில்லை. விலையே கேட்காமல் நூறு ரூபாயை நீட்டி, ‘மீதியை வெச்சுக்கோ’ என்று சொல்லிவிட்டு அதைப் படமும் எடுத்துப்போடுகிறவர்தான் வியாபாரியைப் பிச்சைக்காரியாக்குகிறார்.

வாயில்லாதவரும் ஊருக்குப் புதியவரும் பேரத்தில் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. அது நியாயமான ஆட்சேபம். அதற்குத்தான் விலைப் பலகை வேண்டும் என்கிறேன். ஆனால் உபதேசம் செய்பவர்கள் அதைச் சொல்வதில்லை. அறுந்த செருப்பைத் தைத்து முடித்த பிறகு ‘இதுக்கா இவ்ளோ?’ என்று கூலியைக் குறைப்பவர்களையும் ஒன்றும் சொல்வதில்லை. அதைப் பேரத்தில் சேர்க்கவே முடியாது. கீரைக்காரம்மா கட்டுப்படியாகாவிட்டால் கட்டைத் திரும்பக் கூடையில் வைத்துவிடலாம். செருப்பு தைத்தவர் போட்ட தையலை என்ன செய்வார்?