குடிவழியும் கோயிற் பதிவேடுகளும்

பாட்டன் பெயரைத் தாங்குவோன் பெயரன். அச்சொல்லே மருவிப் பேரன் என வழங்குகின்றது. இதனை அறியாத தமிழ் மாணவர் நம் கல்லூரியில் இரார். ஆயின், தாம் தாங்கும் பெயருக்குரிய பாட்டனாரைப் பெற்றவர் யாவர் என வினவினால் விடை கூறுவோர் எத்துணையர்? சென்ற பருவத்தில் எம் வகுப்பு நண்பரை யாம் வினவிப் பார்த்தோம். பாட்டனார் பெயரை அனைவரும் கூறினர். பூட்டனார் பெயரை நாலைந்து பேரே கூறினர். ஓட்டனார் பெயரைக் கூறினார் ஒருவரும் இலர். எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம்.

மேனாட்டார் பலர்க்குக் குடிப்பெயர் என ஒன்றுண்டு. அது தந்தையினின்று மகனுக்கு மாறாது இறங்கி வருதலின், அதனைப் பற்றிக்கொண்டே பல தலைமுறை பின்னோக்கிச் செல்லுதல் அவர்க்கு இயலும். நமக்கோ தந்தை பெயரின் தலையெழுத்து ஒன்றே துணை. மகன் பிறந்ததும் அவ்வெழுத்து விழுந்து வேறோர் எழுத்து வந்து நிற்கும். அன்றியும் நம் கிறிஸ்தவக் குடும்பங்களிற் பிறிதொரு சிக்கலும் உண்டு. திருமுழுக்குப் பெறுங்கால் முன்னைப் பெயர் மாறுதலும், மேனாட்டுப் பெயரொன்று முன்னே வந்து ஒட்டுதலும் வழக்கம். இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள் 1827இல் நம் நெல்லைச் சீமையிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடியிற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவர் பெயர்முன் நிற்கும் இரண்டெழுத்தும் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் அல்ல. ஹென்றி ஆல்பிரட் என்னும் ஞானஸ்நானப் பெயரின் எழுத்துக்கள். இதனை அறியாத ஒருவர் அவ்வெழுத்துக்களைக் கொண்டு குடிவழி தேடப் புகுந்தால் எங்குப் போய் முட்டுவார் என எண்ணி நகைத்தோம். எம் பூட்டனார் பெயர்முன் நின்ற எழுத்துக்கும் அதே கதையென்று பின்னர்க் கண்டபோது நகை நின்றது.

அமெரிக்க நாட்டில் சால்ட் லேக் நகரத்தே 1894இல் தொடங்கப்பெற்ற குடிவழி ஆராய்ச்சிச் சங்கமொன்று பல தேயத்துப் பதிவேடுகளையும் நுண்படமாக எடுத்துச் சேர்த்தது. அதன் வழிவந்த நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன. அது செல்வ நாட்டார் செயல் என விட்டுவிடலாம். நம்மவர் கதையைப் பார்ப்போம். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவரை ஏற்றிய ‘டுரூரோ’ என்னும் கப்பல் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலிலுள்ள டர்பனை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்திற்கு மேற்பட்டோர் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் இடப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, சில்லா, தாலுகா, ஊர் என்னும் இவையெல்லாம் கப்பற் பட்டியலில் எழுதப்பட்டன. மொரீஷியசுத் தீவிலே மோக்கா என்னுமிடத்து மகாத்மா காந்தி நிறுவனத்தில் அத்தகைய குடியேற்ற ஏடுகள் பேணப்பட்டு வருகின்றன. பெயரர் சென்று தம் மூதாதையர் விவரத்தை எழுதி வாங்கி வருகின்றனர். மனிதரைச் சரக்காக எண்ணி எழுதிய கணக்கே அம்மக்களின் பெயரர்க்கு இன்று பொன்னேடாயிற்று. ஊரை விட்டு அகலாது தாமிரவருணிக் கரையிலேயே இருந்தவர் வழிவந்த நாம் நம் ஓட்டனார் பெயரறியாது விழிக்கின்றோம்!

நமக்கு ஏடுகள் இல்லையோவெனின், உண்டு. அவை ஒரு நிலையத்திற் கூடியிரா; கோயிலிலும், சார்பதிவாளர் அலுவலகத்திலும், தாலுகாக் கச்சேரியிலும், வீட்டுப் பரணிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுட் கோயிற் பதிவேடே தலையாயது என்பது எம் கருத்து. குளோரிந்தா அம்மையார் சுவார்ட்சு ஐயரிடம் 1778இல் திருமுழுக்குப் பெற்றதும், 1780இல் பாளையங்கோட்டைச் சபையார் நாற்பதின்மர் பெயர் எழுதப்பட்டதும், 1785இல் அம்மையார் எடுப்பித்த கோயில் எழுந்ததும் நெல்லைத் திருச்சபை வரலாற்றின் தொடக்கம். அவ்வரலாறு ஒரு பெயர்ப்பட்டியலோடு தொடங்குகின்றது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஞானஸ்நான ஏட்டிற் குழந்தையின் பெயரோடு தாயின் பெயரும் தந்தையின் தொழிலும் ஊரும் ஞானப்பெற்றோர் பெயரும் நிற்கும். விவாக ஏட்டில் மணமக்கள் வயதும் இருவர் தந்தையர் பெயரும் சாட்சிகள் கையொப்பமும் நிற்கும். நிலப் பத்திரங்களிலோ ஆடவர் பெயரே மிகுதி. பாட்டியர் பெயர் வேண்டுவோர் கோயிலுக்கே செல்லுதல் வேண்டும்.

அரசாங்க ஏடுகளுக்கும் ஒரு சொல். பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899இல் ஒரு சட்டமும், இந்தியா முழுமைக்கும் 1969இல் ஒரு சட்டமும் எழுந்தன. பழைய பிறப்பேட்டிற் ‘ஆண்’ ‘பெண்’ என்றிருக்குமேயன்றிக் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இராது. பெயரிடுமுன்னரே பதிவு முடிந்துவிடும். கிரயப் பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என எழுதுவதனால் ஒரே தாளில் இரு தலைமுறை கிடைக்கும். நான்கெல்லை கூறுமிடத்து அடுத்த நிலத்துப் பங்காளியின் பெயரும் கிடைக்கும். கிராமக் கணக்குகளைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவந்த கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது; அக்குடும்பத்தார் வீடுகளிற் பழைய சுவடி ஏதேனும் கிடக்குமாயின் அதனையும் கேட்டுப் பார்த்தல் நலம்.

தேடப் புகுவோர் இரண்டிடத்து வழி தவறுவர். ஒன்று ஆண்டு. நெல்லைச் சீமையின் பழைய பத்திரங்கள் பலவற்றிற் கொல்லம் ஆண்டே காணப்படும். இங்கு அவ்வாண்டு ஆவணியிற் பிறப்பதனால், ஆவணி முதல் மார்கழி வரையுள்ள நாட்களுக்கு 824உம், தை முதல் ஆடி வரையுள்ள நாட்களுக்கு 825உம் கூட்டினாற் கிறிஸ்து ஆண்டு ஏறத்தாழக் கிட்டும். முதியோர் ‘தாது வருடத்தில்’ என்பாராயின் 1876 எனக் கொள்ளலாம். அறுபது கழித்து 1936உம் தாதுவே யாதலின் சிறிது விழிப்பு வேண்டும். மற்றொன்று எல்லை. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டமாயின. செங்கோட்டை 1956 வரை திருவாங்கூரைச் சேர்ந்திருந்தது. தூத்துக்குடி நாசரேத்துத் திருமண்டலம் 2003இல் நெல்லையினின்று பிரிந்தது. ஊர் நின்ற இடத்திலேயே நிற்க, அதன் ஏடு மட்டும் வேறு அலுவலகத்திற்குப் போயிருத்தல் கூடும்.

நிற்க. யாம் இத்தேடலிற் புகுந்தமைக்குக் காரணம் கூறுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் நம் நாட்டிற் பெய்த மழையை யாவரும் மறந்திரார்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் கொட்டிற்று. தாமிரவருணி கரைபுரண்டபோது எம் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு நீர் நின்றது. பாட்டனாரின் தகரப்பெட்டி மூன்று நாள் நீரிற் கிடந்தது. அதனுள் இருந்த குடும்ப வேதபுத்தகத்தின் முகப்புத் தாள்களில் எழுதியிருந்த பெயர்களும் நாட்களும் நீலமாகக் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பாட்டனார் அத்தாள்களை வெயிலில் உலர்த்திப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சி எம் கண்ணைவிட்டு அகலவில்லை. அவர்க்கு நினைவிருந்தவை தம் தந்தையார் பெயரும் பாட்டனார் பெயரும் மட்டுமே.

ஆகவே சேகர குருவானவரின் இசைவு பெற்று, விடுமுறை நாட்களிற் கோயிற் பண்டக அறையில் அமர்ந்தோம். பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து அவர் பெற்றோர் மணப்பதிவுக்கும், அதிலிருந்து பூட்டனாரின் ஞானஸ்நானப் பதிவுக்கும் ஏறினோம். ஒரே பெயர் ஆங்கில எழுத்தில் மூவகையாக எழுதப்பட்டிருந்தமையால் ஒரு நாள் முழுதும் வீணாயிற்று. பத்தாம் நாள் ஓட்டனாரின் பெற்றோர் மணப்பதிவைக் கண்டோம். மணமகள் வயது பதினெட்டு. தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. வயதைக் கணக்கிட்டுப் பின்னோக்கிச் சென்றபோது 1878ஆம் ஆண்டு ஏட்டில் அவ்வம்மையார் வந்து நின்றார்: வயது ஏறத்தாழ ஐந்து, பெற்றோர் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, பஞ்சத்தில் வந்த பிள்ளை. அவ்வளவே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் ஆதரவிழந்த சிறுவர் பலர் மிஷன் இல்லங்களில் வளர்ந்தனர். நாசரேத்திற் கைத்தொழிற் பாடசாலை 1878இல் எழுந்ததும் அத்தகைய பிள்ளைகளின் பொருட்டே. இவையெல்லாம் யாம் நூலிற் படித்தவை. படித்தபோது அப்பிள்ளைகளுள் ஒருத்தி எம் பாட்டி என அறியோம்.

இனித்தான் வழக்கு. எம் குடும்பத்தார் வரும் சித்திரையிற் கூடவிருக்கின்றனர்; அதற்கென ஒரு குடும்ப நூலும் குடிவழி மரமும் அச்சாகின்றன. இதுகாறும் எம்மவர் கூறிவந்த கதையோ வேறு. பெருநிலமும் பனங்காடும் உடைய ஒரு மேன்மையான குடியிலிருந்து எம் ஓட்டனாரின் தாயார் வந்தார் என்பதே அது. ஏட்டின் படியை யாம் காட்டியபோது, நூலைத் தொகுக்கும் பெரியப்பா அவர்கள் நெடுநேரம் வாளா இருந்தார்கள். பின்னர், முடிவில்லாத வம்ச வரலாறுகளைக் கவனியாதிருக்கும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியதை எமக்கு நினைவூட்டினார்கள். வம்ச நூலை அச்சிடுவோர் அதனை எடுத்துக் காட்டியது எமக்குச் சிறிது வியப்பாகவே இருந்தது. எனினும் அவர்கள் அச்சம் யாதென்பதை யாம் அறியாமல் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள் மணத்திற்கு நிற்கின்றனர். பெற்றோர் தெரியாப் பிள்ளை என எழுதினால், ‘என்ன சாதியோ’ என ஊரார் வினவுவர். ஒரே பந்தியில் நற்கருணை பெறும் நம் சபைகளில் இவ்வினா இன்னும் எழுகின்றது. எழுவதில்லை எனக் கூறுவார் நெல்லைச் சீமையில் மணப்பேச்சு நடக்கும் கூடத்தில் அமர்ந்து பார்த்ததில்லை.

பெரியப்பா அவர்கள்பால் எமக்கு மிக்க மதிப்புண்டு. இதில் மட்டும் அவர்களோடு உடன்பட இயலவில்லை. இந்நாளிற் குடிவரலாறு என வெளிவரும் நூல்களுட் பல, ஏட்டைத் திறவாமலே மூவேந்தருள் ஒருவரைப் பிடித்து மரத்தின் வேரில் நட்டுவிடுகின்றன. ஏட்டைத் திறந்தாலோ கொத்தனும், பனையேறியும், கடன்பட்டு நிலம் விற்றவனும், பெயரில்லாக் குழந்தையும் எழுந்து வருகின்றனர். பொய்ம்மரம் ஒன்று நடுவதற்காயின் பண்டக அறையில் தும்மிக்கொண்டு பத்து நாள் இருக்க வேண்டுவதில்லை. பவுலை எடுத்துக் காட்டியதற்கு விடையாக யாம் மத்தேயுவை எடுத்துக் காட்டினோம். அவர் எழுதிய வம்ச அட்டவணையில் தாமாரும் ராகாபும் மோவாபியப் பெண்ணாகிய ரூத்தும் மறைக்கப்படாமல் நிற்கின்றனர். மறைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்?

ஐந்து வயதில் யாருமற்று வந்து நின்ற அச்சிறுமி உயிர்த்து, வளர்ந்து, மணந்து, மக்களைப் பெற்றதனாலன்றோ நூற்றுக்கு மேற்பட்டோர் சித்திரையிற் கூடவிருக்கின்றனர்? அவரைப் பனங்காட்டுச் செல்வியாக்கி எழுதினால், அவர் பட்ட பாட்டையும், அவரை ஏற்று உணவிட்டார் செயலையும் ஒருங்கே அழித்தோம் ஆவோம்.

ஏடுகளைப் பற்றிய ஒரு வேண்டுகோளையும் சொல்லி விடுகின்றோம். யாம் கண்ட ஏடுகள் மேல்தட்டில் இருந்தமையால் வெள்ளத்திற்குத் தப்பின, செல்லுக்குத் தப்பவில்லை. 1880ஐ ஒட்டிய சில தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. அரசாங்கம் சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகம் வைத்திருக்கின்றது. மிஷன் சங்கங்களின் கடிதங்களும் அறிக்கைகளும் பர்மிங்காமிலும் ஆக்ஸ்போர்டிலும் பேணப்படுகின்றன. சிற்றூர்க் கோயிலின் ஞானஸ்நான ஏட்டுக்கோ மறுபடி இல்லாதவிடத்து அந்த மரப்பீரோவே காப்பகம். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரிடமும் கைப்பேசி உண்டு. சேகர குருமாரின் இசைவோடு, ஏட்டை வளைத்துக் கெடுக்காமல், 1900க்கு முற்பட்ட தாள்களையாவது படமெடுத்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு படியும் சேகரத்தில் ஒரு படியும் வைத்தல் இயலாத செயலன்று. உயிரோடிருப்போர் பதிவுகளைத் தொடவேண்டா. அவை பிறர் காணத்தக்கன அல்ல. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஆனர்ஸ் வகுப்பினர் தத்தம் கோயிலில் ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டாலும் இரண்டாண்டில் எத்துணையோ நிறைவேறும். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரியவில்லையெனின், சுவடி படிக்கப் பயில்விக்கும் எம் ஆசிரியர்கள் உதவுவார்கள் என்னும் துணிவு எமக்குண்டு.

எம் குடும்ப நூலுக்காக யாம் எழுதிக் கொடுத்த வரி இது: ‘1878இல் திருமுழுக்குப் பெற்றார், பஞ்சத்தில் வந்தவர், பெற்றோர் பெயர் தெரியவில்லை.’ பாட்டனார் அதனை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டு, இருக்கட்டும் என்றார்கள். பெரியப்பா அவர்கள் இன்னும் விடை கூறவில்லை. மரத்தின் உச்சியில் அவ்வம்மையார்க்குரிய கட்டம் இப்போதைக்கு வெறுமையாகவே அச்சகத்திற்குச் சென்றிருக்கின்றது.