ஆறும் காயமும் ஆறாத புண்ணும்

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிடுகிறது. நீரில் கழுவி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். ஒரு வாரத்தில் அந்த இடம் மூடிக்கொள்கிறது. ஆனால் அதே அளவுள்ள ஒரு கீறல், நீரிழிவுள்ள பெரியவர் ஒருவரின் உள்ளங்காலில் ஏற்பட்டால், மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து, விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைவரை கொண்டுபோய்விடக்கூடும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு என்பதே என் கருத்து.

காயம் தானாக ஆறிவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில், கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான உயிரணுக்கள் முறைவைத்து உழைத்தே அதை ஆற்றுகின்றன. முதலில் இரத்தத் தட்டணுக்கள் கசிவு இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஃபைப்ரின் என்னும் நார்வலை அவற்றைப் பிணைத்து இரத்தத்தை உறையச் செய்கிறது. அத்துடன் தட்டணுக்களின் வேலை முடிவதில்லை. பிற உயிரணுக்களை அழைக்கும் வேதிப் பொருள்களையும் அவை வெளியிடுகின்றன. சில மணி நேரத்துக்குள் வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளோடு போரிடுகின்றன. அவற்றைத் தொடர்ந்து வரும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணுக்கள், இறந்த அணுக்களையும் கழிவுகளையும் அகற்றுகின்றன. பின்னர் அதே விழுங்கணுக்கள் தம் போக்கை மாற்றிக்கொண்டு, சீரமைக்கும் அணுக்களுக்கு ஊக்கமளிக்கின்றன. போரிட வந்தவை உரிய நேரத்தில் விலகாவிட்டால் கட்டுமானம் தொடங்காது.

அடுத்து, காயத்தின் விளிம்பிலுள்ள தோலணுக்கள் தம் பிடிப்பைத் தளர்த்திக்கொண்டு, ஒன்றையொன்று விடாமல், திறந்த இடத்தை நோக்கி ஊர்ந்து செல்கின்றன. முன்வரிசையில் நிற்பவை மட்டுமே இழுக்கின்றன, மற்றவை பின்தொடர்கின்றன என்றுதான் எவரும் நினைப்பர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுப்படலங்களில் சேவியர் ட்ரெபாட் முதலான ஆய்வாளர்கள் விசையை அளந்து, 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. பல வரிசைகள் பின்னால் இருக்கும் அணுக்களும் தரையைப் பற்றி இழுக்கின்றன. படலம் முழுவதும் ஒரு வடம்போல் விறைத்து நின்று முன்னேறுகிறது. இருபுற விளிம்புகளும் சந்தித்ததும் அணுக்கள் நின்றுவிடுகின்றன. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பெருகிக்கொண்டே போகும் அணுக்கள்தாம் புற்றுநோயாகின்றன.

அடித்தளத்திலோ நார்த்திசு அணுக்கள் கொலாஜன் இழைகளை நெய்கின்றன. மேலே தோல் மூடிய பிறகும் இவ்வேலை மாதக்கணக்கில் தொடர்கிறது. அவ்வளவு உழைத்த பின்னும் தழும்பு, பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு மேல் பெறுவதில்லை.

நீரிழிவு இந்த ஒழுங்கைப் பல இடங்களில் குலைக்கிறது. சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளையணுக்களின் திறன் குன்றுகிறது. விழுங்கணுக்கள் போர்நிலையிலிருந்து சீரமைப்பு நிலைக்கு மாறத் தயங்குகின்றன. குறுகிய இரத்தக் குழாய்கள் போதிய உயிர்வளியைக் கொண்டுசேர்ப்பதில்லை. நரம்புகள் மரத்துப்போவதால் காயம் பட்டதே தெரிவதில்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுள்ளோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர் என மதிப்பிட்டது. நம் உறவுகளில் இந்நோய் இல்லாத குடும்பம் அரிது.

இந்நிலையில் நம் வீடுகளில் நடப்பது என்ன? புண்ணின்மீது காப்பித் தூள், பற்பசை, சுண்ணாம்பு எனக் கைக்குக் கிடைத்ததைத் தடவுகிறோம். காற்றுப் படட்டும் என்று திறந்துவைத்துக் காய விடுகிறோம். ஜார்ஜ் வின்டர் என்னும் ஆய்வாளர் பன்றிகளின் தோலில் ஆய்வு செய்து, ஈரப்பதத்தோடு மூடப்பட்ட காயத்தில், காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவில் தோல் படர்வதை 1962இலேயே காட்டினார். காய்ந்த பொருக்கு, ஊர்ந்து வரும் அணுக்களின் பாதையை மறிக்கிறது. தூய நீரில் கழுவுதல், சுத்தமான கட்டு, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுதல், காலதாமதமின்றி மருத்துவரிடம் செல்லுதல் ஆகியவையே அந்த அணுக்களுக்கு நாம் செய்யும் உதவி.

அல்லாஹ் நாடினால் ஆறிவிடும் என்று சொல்லிப் புண்ணை மறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம்மில் பலர். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டிருப்பதன்று. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மருத்துவம் செய்துகொள்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள் என்பதை நாம் அறிவோம்.

நாள்தோறும் ஐவேளை உளூச் செய்யும்போது கால்களைக் கழுவுகிறோம். விரல்களின் இடுக்குகளையும் கோதுகிறோம். அவ்வேளையில் சற்று நின்று பாதத்தைக் கண்ணாலும் பார்த்தால் வெடிப்பும் கொப்புளமும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கழுவிய பின் விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். மரத்துப்போன காலுடன் பள்ளிவாசலின் வெயில் சுட்ட தரையில் வெறுங்காலோடு நடப்பதையும், ஹஜ், உம்ராவுக்குப் பழகாத புதுச் செருப்போடு புறப்படுவதையும் தவிர்க்க வேண்டும். கட்டுப் போட்ட புண்ணுக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதை ஆலிம்களிடம் கேட்டறிந்து பயன்படுத்த வேண்டுமே தவிர, உளூவுக்காகக் கட்டை அவிழ்த்து அவிழ்த்துப் புண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

இறைநம்பிக்கையாளர்கள் ஓர் உடலைப் போன்றவர்கள். ஓர் உறுப்பு நோயுற்றால் உடல் முழுவதும் அதற்காகத் துன்புறும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். உலகெங்கும் உள்ள உம்மத்தைப் பற்றிப் பேசும்போது நினைவுக்கு வரும் அந்த நபிமொழி, அடுத்த அறையில் படுத்திருக்கும் வாப்பாவின் பாதத்தைப் பற்றியும் நமக்கு நினைவூட்ட வேண்டும். குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முதியவரால் இயலாது. மகனோ மகளோ பேரப்பிள்ளையோ இரவில் ஒரு நிமிடம் அந்தப் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தால் போதும். பின்வரிசையில் இருப்பவர்களும் சேர்ந்து இழுக்கும்போதுதான் காயம் மூடுகிறது.