கணக்கில் தெரியும் குணம்



"சாமி, இன்னார் நல்லவர்தானே? அவரோடு கூட்டாகக் கடை வைக்கலாமா?" பங்குத் தந்தையரிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா இது. ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகை, மகன் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணம், மனைவியின் நகையை அடகு வைத்துப் பெற்ற கடன் ஆகியவையே பெரும்பாலும் அந்த வினாவுக்குப் பின்னால் நிற்கும் முதல். ஆகவே, தலையை அசைத்து விடை சொல்லிவிடத் தக்க வினா அல்ல அது. பங்குத் தந்தை ஒருவரை ஆலயத்தில் அறிவார். கல்லாப் பெட்டியருகில் அவர் எப்படிப்பட்டவர் என்பதை அறியார். தவறாமல் திருப்பலிக்கு வருவதும், திருவிழாவுக்குத் தாராளமாக நன்கொடை தருவதும் நல்ல செயல்களே. ஆயினும் அவை வியாபார நாணயத்துக்கு அத்தாட்சி ஆகமாட்டா.

கூட்டு வியாபாரம் என்பது எவ்வளவு பெரிய ஒப்படைப்பு என்பதைப் பலர் உணர்வதில்லை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் முகவர். வியாபாரத்தின் வழக்கமான போக்கில் அவர் இடும் கையொப்பம் உங்களையும் கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் பெயரில் சரக்கைக் கடனுக்கு வாங்கிவிட்டு அவர் மறைந்துபோனால், கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். "நான் போட்ட முதல் ஒரு லட்சம்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. நீங்கள் குடியிருக்கும் வீடும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்ல நேரிடும். பொறுப்பை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் கூட்டாண்மை முறைக்கு 2008இல் தனிச் சட்டம் வந்துள்ளது உண்மையே. ஆனால் நாணயமற்றவர் விழுங்கிய முதலைத் தானாக மீட்டுத் தரும் சட்டம் எதுவும் இல்லை.

"அவர் நம்மவர், நமக்கு உறவினர்" என்பார் சிலர். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய செட்டிநாட்டு நகரத்தாரைப் பாருங்கள். பெரும்பாலும் தம் சமூகத்தாரையே அவர்கள் முகவர்களாக அனுப்பினர். எனினும் உறவு ஒன்றையே நம்பி அனுப்பிவிடவில்லை. இளைஞன் முதலில் பெட்டியடிப் பையனாக இருந்து தொழில் பழக வேண்டும். பிறகு அடுத்தாளாக வேண்டும். அதன்பின்னரே முகவர் பொறுப்பு. அதுவும் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குத்தான். காலந்தோறும் ஐந்தொகைக் கணக்கு ஊரிலுள்ள முதலாளிக்கு வந்தாக வேண்டும். நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. அதற்குக் காவலாகக் கணக்கும் இருந்தது.

அப்படியானால் ஒருவரை எப்படி அறிவது? முதலாவதாக, சிறு தொகைகளில் அவரைக் கவனியுங்கள். ஐந்நூறு ரூபாய்க் கைமாற்றைச் சொன்ன நாளில் திருப்பித் தருகிறாரா? மிச்சச் சில்லறைக்குக் கேளாமலே கணக்குச் சொல்கிறாரா? இரண்டாவதாக, தம்மை எதிர்த்துப் பேச இயலாதவர்களிடம் அவர் நடந்துகொள்ளும் முறையைக் காணுங்கள். உங்களுக்குத் தேநீர் தந்து உபசரிப்பவர், கடைப் பையனுக்குச் சம்பளத்தை இழுத்தடித்தால், நாளை நீங்கள் நலிந்து நிற்கும்போது உங்களுக்கும் அதுவே நேரும். அவருக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரியும், முன்பு இடம் வாடகைக்கு விட்டவரும் பத்து நற்சான்றுகளைவிடத் தெளிவாகப் பேசுவார்கள்.

மூன்றாவதாக, முன்னாள் கூட்டாளியைப் பற்றி அவர் சொல்வதைக் கேளுங்கள். பிரிந்தது குற்றமன்று. ஆனால் பிரிந்தவர் எல்லாரும் அயோக்கியர், தாம் ஒருவரே உத்தமர் என்பாராயின், அடுத்த அயோக்கியர் நீங்களாகலாம். நான்காவதாக, கெட்ட செய்தியை அவர் எப்போது சொல்கிறார் என்று பாருங்கள். இலாபத்தை எவரும் ஓடிவந்து சொல்வர். நட்டத்தை அன்றே சொல்பவரே நம்பத்தக்கவர். இதனை அறிய, பெருமுதல் போடுமுன் ஒரு பண்டிகைக் காலத்துக்குச் சிறு அளவில் சேர்ந்து தொழில் செய்து பாருங்கள்.

இறுதியாக, பத்திரம் எழுதும் பேச்சை எடுத்து அவர் முகத்தைக் கவனியுங்கள். "நமக்குள் எழுத்து எதற்கு?" என்பது அன்பின் குரலாகத் தோன்றும். ஆனால் உடன்பாடு வேறாக இல்லாவிட்டால், இலாபமும் நட்டமும் சமபங்காகும் என்பது சட்டம். முக்கால் பங்கு முதல் போட்டவருக்கும் பாதியே கிட்டும். பதிவு செய்யப்படாத நிறுவனம், தனக்கு வரவேண்டிய பாக்கிக்காகக்கூடப் பெரும்பாலும் வழக்குத் தொடர முடியாது. பேரேட்டைப் பார்வையிடவும் படியெடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டவுடன் மனம் புண்படுகிறவரிடம் முதலை ஒப்படைப்பது விவேகமன்று.

"பிறரை இவ்வாறு ஆராய்வது தீர்ப்பிடுவது ஆகாதா?" என்று சிலர் தயங்கலாம். ஒருவருடைய உள்ளத்துக்குத் தீர்ப்புக் கூறுவது வேறு. பிள்ளைகளின் எதிர்காலத்தை அவர் கையில் கொடுக்கலாமா என்று ஆராய்வது வேறு. முன்னது இறைவனுக்கு உரியது. பின்னது குடும்பத் தலைவனுக்கும் தலைவிக்கும் உள்ள கடமை. ஆனால் விசாரித்து அறிந்ததை ஊரெங்கும் பேசித் திரிவது பாவமே. கூட்டு வேண்டாமென்று தோன்றினால், மரியாதையுடன் விலகிக்கொள்ளுங்கள். அவர் பெயரைக் கெடுக்காதீர்கள்.

அவரும் உங்களை ஆராய்வார் என்பதை மறவாதீர்கள். உங்கள் கடன்களை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள். திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்து தெளிதல், ஆராயாமல் நம்புவதையும் நம்பியபின் ஐயுறுவதையும் ஒரே தராசில் வைத்து, இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறது. ஆகவே ஐயங்களையெல்லாம் கையொப்பத்துக்கு முன்னரே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். கையொப்பமிட்ட பின், மாதந்தோறும் இருவரும் ஒருங்கே அமர்ந்து கணக்கைப் பாருங்கள். நட்பும் நிலைக்கும்; வீடும் நிலைக்கும்.