உப்புக்காற்றின் மேல் பழி போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பட்டறையில் பார்த்தது. பழைய அம்பாசடர் ஒன்று. பின்பக்கக் கமான் பட்டையின் போல்ட் துருவேறி இறுகிவிட்டது. பையன் ஒருவன் கேஸ் நெருப்பைப் பட்டையின் கண்ணிலேயே பிடித்து, செக்கச்செவேலென்று காய்ச்சிக்கொண்டிருந்தான். டிக்கிக்குள் பெட்ரோல் டேங்க். வண்டியைத் தாங்கி நின்றது ஒரே ஒரு ஜாக்கி. "என்னப்பா இது?" என்றேன். "உப்புக்காத்து சார். நம்ம ஊர்ல தீ வச்சாத்தான் கழலும்" என்றான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன்தான்.

உப்புக்காற்று பொல்லாதது, மறுக்கவில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தார் மண்டபத்தில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளந்திருக்கிறார்கள். ஆனால் அதையே சாக்காகச் சொல்லலாமா?

பழைய பாம்பன் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்தது. கப்பல் வரும்போதெல்லாம் ஊழியர்கள் கையால் சுற்றித்தான் நடுப்பகுதியின் இரண்டு இறக்கைகளையும் தூக்கினார்கள். அதில் துரு பிடிக்கவில்லையா? பிடித்தது. சுரண்டினார்கள், பெயிண்ட் அடித்தார்கள், கிரீஸ் வைத்தார்கள். 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்படும்வரை நூறு வருஷத்துக்கு மேல் அது உழைத்தது. கடலுக்கு நடுவே நின்ற இரும்பே அசைந்தபோது, வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் போல்ட் ஏன் அசையாது?

போல்ட் ஏன் இறுகுகிறது? புஷ்ஷின் உள்ளே ஓர் எஃகுக் குழாய். அதற்குள் போல்ட். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதில் உப்புத் தண்ணீர் புகுகிறது. இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடமில்லாததால் ஆப்பு அடித்த மாதிரி நெரிக்கிறது. சுத்தியலால் அடித்தால் போல்ட்டின் முனை காளான் போல விரிந்து, இன்னும் இறுகும்.

நெருப்பு அதைவிட மோசம். கமான் பட்டை பதம் வைத்த எஃகு. சிவக்கக் காய்ந்தால் பதம் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இது எனக்கு நேர்ந்தது. பல வருஷத்துக்கு முன் என் அம்பாசடருக்கும் ஒரு பட்டறையில் இப்படித்தான் தீ வைத்துக் கழற்றினார்கள். மூன்று மாதம் கழித்து உச்சிப்புளி தாண்டி வரும்போது, காய்ச்சிய அதே இடத்தில் பட்டை ஒடிந்தது. பின் அச்சு கோணி, வண்டி சாலையின் மறுபக்கம் போய் நின்றது. உள்ளே மனைவியும் மகளும். எதிரே பஸ் வந்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சரியான வழி என்ன? வண்டியை உறுதியான ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜாக்கியை நம்பிக் கீழே படுக்காதீர்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டுங்கள். துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விடுங்கள். இரண்டு நாள் ஊறட்டும். பிறகு கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லையா? அச்சுக்கு முட்டுக் கொடுத்து, பட்டையில் பாரம் இல்லாதபடி செய்துவிட்டு, போல்ட்டை இருபுறமும் ஆக்ஸா பிளேடால் அறுத்து எடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் போனால் போகட்டும், விலை குறைவு. பட்டை போகக்கூடாது. அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. நல்ல பட்டைக்கு எங்கே போய் அலைவது?

"இரண்டு நாள் காத்திருக்க எந்த கஸ்டமர் சம்மதிப்பான் சார்?" என்று அந்தப் பையன் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி. காலையில் விட்டு மாலையில் வண்டியைக் கேட்கிறோம். கூலியில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அவன் கையில் நெருப்பைக் கொடுப்பதே நாம்தான்.

தனுஷ்கோடி மணலில் அலை தொடும் இடம்வரை வண்டியை இறக்கிப் படம் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்து அடிப்பாகத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுகிறோமா? இல்லை. கழிவு ஆயிலை அடித்துவிட்டுப் பாதுகாப்பு என்கிறோம். அந்த ஆயில் புஷ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும், மணலையும் ஒட்டவைக்கும்.

ஆகவே வண்டி வைத்திருப்போரே, இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள், அதற்கான கூலியையும் கொடுங்கள். பட்டறைப் பிள்ளைகளே, வாடிக்கையாளர் அவசரப்பட்டால் "முடியாது" என்று சொல்லிப் பழகுங்கள். உங்கள் வாத்தியார் சொன்னார் என்று சொல்லுங்கள்.