பறவைக் கூடு இருக்கும் இடத்தைப் பகிர்வது குறித்துப் பறவை நோக்கர் குழுவின் செயற்குழு நிலைப்பாடு

கைவிடப்பட்ட கல்குவாரியில் இருந்த கொம்பன் ஆந்தைக் கூட்டுக்கு நேர்ந்தது உறுப்பினர்கள் அனைவரும் அறிந்ததே. எனவே அதை முதலிலிருந்து விவரிக்கவில்லை. ஊரின் பெயரும் இந்த அறிக்கையில் வராது. தெரியாதவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம். அந்தக் கூட்டின் லொக்கேஷனை முதலில் வெளியே அனுப்பியவர் நம் உறுப்பினர்தானா என்பதில் செயற்குழுவுக்குள் ஒத்த கருத்து ஏற்படவில்லை. ஆகவே அதைப் பற்றி இங்கே எதுவும் சொல்வதற்கில்லை.

பொதுக்குழுவில் இரண்டு கருத்துகள் எழுந்தன. அரிய பறவை எதையும் இனி இடத்தோடு சொல்லவே கூடாது என்பது ஒன்று. மறைக்க ஆரம்பித்தால் பறவை பார்ப்பது பழையபடி நாலு மூத்தவர்களின் சொத்தாகிவிடும், புதிதாக வரும் மாணவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு நியாயம் இருப்பதாகச் செயற்குழு கருதுகிறது. இரண்டையும் அப்படியே ஏற்க இயலவில்லை.

பகிர்வு நின்றுவிடக் கூடாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் ராம்சர் தளமானது. அந்தக் குளத்தில் எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று உள்ளூர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்திராவிட்டால், அதைக் காப்பாற்றப் பேசியவர்களின் கையில் என்ன இருந்திருக்கும்? பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடப்பதும் ஒருவர் பார்த்ததை மற்றவருக்குச் சொல்வதால்தான். குளம், ஏரி, வயல்வெளி, வலசை வந்த வாத்து, உள்ளான் ஆகியவற்றை வழக்கம்போல் அன்றன்றே சொல்லுங்கள்.

கூடு அப்படியல்ல.

கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் கொஞ்சம் மண்ணைச் சீய்த்துவிட்டு வெறுந்தரையிலேயே முட்டையிடும். தாய் ஒரு மாதத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும். பகலில் ஆள் நெருங்கி அது எழுந்து பறந்துவிட்டால், முட்டையோ குஞ்சோ வெயிலில் சுடும் பாறைமேல் அப்படியே கிடக்கும். தாய் வெளிச்சத்தில் வெளிப்பட்ட உடனே காகங்களும் கரிச்சான்களும் விரட்டத் தொடங்கிவிடுகின்றன; திரும்பி வந்து உட்கார அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது பறவை நோக்கர் எவருக்கும் புதிய செய்தி அல்ல. அந்தக் குவாரிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கும் புதிதாக இருந்திருக்க முடியாது.

தெரிந்தும் என்ன செய்தார்கள்? அந்த விளிம்புக்கு நிழல் தந்துகொண்டிருந்த வேலிக்கருவைக் கிளைகளை வெட்டி எறிந்தார்கள், படம் தெளிவாக விழ வேண்டுமாம். வெட்டிய முனைகள் கத்தியால் சீவியது போல நேராக இருந்தன. ஆடு கடித்த கிளை அப்படி இருக்காது. ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர், ‘ஏஞ்சாமி, குஞ்சு இருக்குதுங்களே’ என்று சொல்லியும் கேட்கவில்லை என்று அறிகிறோம். அடுத்த வாரம் அந்த விளிம்பில் குஞ்சும் இல்லை, தாயும் இல்லை. குஞ்சு என்ன ஆனது என்று உறுதியாகத் தெரியாத நிலையில் யார்மீதும் குற்றம் சுமத்துவது முறையாகாது என்று செயற்குழுவில் சிலர் கருதினார்கள். அதைப் பதிவு செய்கிறோம். ஆனால் கிளையை வெட்டிய கையை மன்னிக்க எங்களில் ஒருவரும் தயாராக இல்லை. அந்தப் படங்களுக்கு விருப்பக்குறி போட்டு, ‘அருமை, எங்கே?’ என்று கேட்டவர்களையும் கண்டிக்கிறோம்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கொம்பன் ஆந்தை இணைகள் தங்கள் எல்லையை எளிதில் விடுவதில்லை. ஒரே பாறையை ஆண்டுக்கு ஆண்டு பயன்படுத்தும். இன்று பகிர்ந்த லொக்கேஷன் அடுத்த தீபாவளிக்கும் செல்லும். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. கொம்புபோல் காதுத்தூவி உள்ள ஆந்தைகளுக்குத்தான் அவர்களிடம் அதிக விலை. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம் என்பதால் அது நின்றுவிடவில்லை. நாம் ஆசையாகப் பகிரும் படத்தை யார் எதற்காகச் சேமித்து வைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

எனவே செயற்குழு பெரும்பான்மைக் கருத்தின்படி முடிவு செய்திருப்பது: ஆந்தை, கழுகு, கல்குருவி, ஆள்காட்டி உட்பட எந்தப் பறவையின் கூடு, முட்டை, பறக்காத குஞ்சு ஆகியவற்றின் இடத்தையும் குழுவிலோ தனியாகவோ பகிரக் கூடாது. கூட்டின் படத்தையும் பருவம் முடியும்வரை வெளியிட வேண்டாம். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இடத்தின் குறியீடு பதிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டால் மட்டும் போதாது. பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்டு தளம் சில இனங்களின் இடத்தை மட்டும் தானாக மறைக்கிறது. மற்றவற்றுக்கு அந்தப் பொறுப்பு நம்முடையது. பட்டியலைப் பின்னர் வெளியிடலாம், அல்லது இடத்தைப் பொதுவாகக் குறிக்கலாம்.

கூந்தன்குளம், வேட்டங்குடி போன்ற இடங்களுக்கு இது பொருந்தாது. அங்கே நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதை உலகமே அறியும், ஆனால் ஊரே காவல் இருக்கிறது. வேட்டங்குடியை ஒட்டிய கிராமத்தார் பறவைகளுக்காகப் பட்டாசு வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். கைவிடப்பட்ட குவாரிக்குக் காவல் யார்?

ஒலிப்பதிவு போட்டுப் பறவையை அழைப்பது, இரை வைத்து இறக்குவது, டிரோன் பறக்கவிடுவது ஆகியவை குறித்த முந்தைய தீர்மானங்களில் மாற்றமில்லை. கட்டணம் வாங்கிக் கூட்டுக்கு ஆள் அழைத்துச் செல்லும் உறுப்பினர்கள் பற்றித் தனியாக விவாதிக்கப்படும். அதுவரை அவர்கள் குழுவின் பெயரைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆய்வுக்காக இடம் தேவைப்படுவோர், வனத்துறை அனுமதியுடன் செயலாளரிடம் எழுத்தில் கேட்கலாம். மீறுவோருக்கு முதலில் எச்சரிக்கை, மீண்டும் நடந்தால் குழுவிலிருந்து நீக்கம். முதல் முறையிலேயே நீக்க வேண்டும் என்று மூன்று பேர் வாதிட்டார்கள். அவர்களது கருத்தும் குறிப்பேட்டில் உள்ளது. இந்த விதிகள் ஓராண்டு கழித்து, தேவையெனில், மறுபரிசீலனை செய்யப்படும். அந்தக் குவாரிப் பக்கம் மட்டும், ஆந்தை திரும்பி வந்ததா என்று பார்ப்பதற்காகக்கூட, இந்தப் பருவத்தில் யாரும் போக வேண்டாம்.